சொன்னதை மட்டும் சொல்லப் பழகிய கொசுறு அக்கா

எங்கள் குடியிருப்பின் நான்காவது மாடியில் இருக்கும் கொசுறு அக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். அவரிடம் ஒரு சேதியைக் கொடுத்தால், அது போய்ச் சேரும்போது கொஞ்சம் வளர்ந்திருக்கும். "குழாய் ரிப்பேர் பண்ண பத்து மணிக்கு ஆள் வர்றார்னு கீழ் வீட்ல சொல்லிடுங்க" என்று ஒருமுறை நான் சொன்னேன். கீழ் வீட்டுக்கு அது இப்படிப் போனது: "பத்து மணிக்கு ஆள் வர்றான். போன தடவை வந்தவன்தான், தரையெல்லாம் சேறாக்கிட்டுப் போவான், பழைய துணி ஏதாவது விரிச்சு வைங்க. அப்படியே குளியலறையையும் ஒரு தேய் தேய்ச்சிடுங்க. வர்றவன் என்ன நினைப்பான்." காய் நிறுத்துப் போட்ட பிறகு மேலே ஒரு பிடி அள்ளிப் போடுவார்களே, அந்த மாதிரி. அதனால்தான் அந்தப் பெயர்.

அக்காவுக்குக் காலையில் செருப்புக் கடையில் வேலை. வாங்கிய செருப்பைத் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போடுகிறவர்களுக்கென்றே அங்கே ஒரு மேஜை இருக்கிறது. அதற்குப் பின்னால் பதினோரு வருடம் நின்றவர் அவர். இந்த ஊர் மொழியை அவர் படித்த பள்ளிக்கூடம் அந்த மேஜைதான். அவர் முதலில் கற்ற வாக்கியம், "இதைப் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறீர்கள்." இரண்டாவது, "பெட்டி எங்கே?" மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்து சேர்ந்தது. ஆனாலும் எங்கள் குடியிருப்பில் ஊர் மொழியைத் திக்காமல் திணறாமல் பேசக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

இரண்டு தெரு தள்ளி ஒரு சுகாதார நிலையம் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் அங்கேதான் போவோம். அங்கே இருப்பவர்கள் நல்லவர்கள், ஆனால் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. எங்களில் பாதிப் பேருக்கு அவர்கள் மொழி தெரியாது. சலூன்காரருக்கு ஒரு முறை காதுக்குள் ஓயாத மணிச்சத்தம். தனியாகப் போனவர், வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணிடம் காதைக் காட்டி, "ணங், ணங்" என்று சொல்லி, முகத்தைச் சுளித்துக் காட்டினார். அந்தப் பெண் தலையசைத்து யாருக்கோ போன் செய்தாள். பத்து நிமிடத்தில் ஏணியும் ஸ்க்ரூ டிரைவருமாக ஒருவர் வந்து, கூடத்துச் சுவரில் இருந்த அழைப்பு மணியைக் கழற்றிக்கொண்டு போனார். சலூன்காரர் அதைக் கடைசிவரை உட்கார்ந்து பார்த்துவிட்டு நன்றி சொல்லிவிட்டு வந்தார். "காதுல மணி இன்னும் அடிக்குது. ஆனா ரொம்ப நல்லா கவனிக்கிறாங்க" என்றார்.

இதைக் கேட்டு எல்லோரும் சிரித்தோம். தரைத்தளத்து பஸ் டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை சாயங்காலம், அடித்தளத்தில் துணி துவைக்கும் இயந்திரங்கள் இருக்கிற அறையில் எங்களைக் கூட்டினார். ஏழு பேர் வந்தோம். ஒரு நோட்டுப் புத்தகத்தை நடுவில் வைத்து, "அங்க போய் யாருக்கு என்ன நடந்ததோ அதை அப்படியே எழுதுங்க. வீடு வீடாப் போய்க் கேட்டும் எழுதுங்க" என்றார். ஒரு மாதத்தில் முப்பத்து நான்கு சம்பவங்களும் நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துகளும் சேர்ந்தன.

"இதை அவங்க மொழியில யார் மாத்துறது?" என்று கேட்டேன்.

"யாரும் மாத்த வேண்டாம். தமிழ்லயே கொண்டுபோய்க் கொடுப்போம்."

"அவங்களுக்குப் புரியாதே."

"புரியாது இல்ல? அப்ப சரி" என்றார் பஸ் டிரைவர்.

கொடுத்த மூன்றாம் நாள் சுகாதார நிலையத்தின் மேலாளர் அம்மாள் போன் செய்தார். நீங்கள் கொடுத்த புத்தகத்தில் ஏதோ முக்கியமான விஷயம் இருப்பதுபோலத் தெரிகிறது, யாராவது வந்து என்னவென்று சொல்ல முடியுமா என்று கேட்டார். பஸ் டிரைவர் தனக்குத் தெரிந்த நாலு சொல்லை வைத்து, "அதேதான் அதில் எழுதியிருக்கிறோம்" என்றார்.

புத்தகத்தைப் படித்துச் சொல்லக் கொசுறு அக்காவை அனுப்பினோம். நாற்பது நிமிடத்தில் படித்து முடிக்கிற புத்தகம். அக்கா ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். முப்பத்து நான்கு சம்பவங்கள் முப்பத்தாறு ஆயின. கூடவே கூடத்து நாற்காலிகளின் உயரம் பற்றியும் ஒரு கருத்து. மேலாளர் அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் தலையிலிருந்த கண்ணாடியை இறக்கி மேஜையில் வைத்தார். "வாரத்தில் இரண்டு மதியம் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ள எனக்கு அதிகாரம் இருக்கிறது. ஆறு மாதம் பார்ப்போம். நீங்களே வருகிறீர்களா?" என்றார்.

அக்கா அன்று படிக்கட்டில் ஏறி வந்ததை நான் பார்த்தேன். லிஃப்ட் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு மாடியிலும் சொல்லிக்கொண்டே வர வேண்டும் அல்லவா, அதற்காக.

முதல் இரண்டு மாதம் அமர்க்களமாகப் போனது. டாக்டர் ஓர் அம்மாவிடம், முழங்கால் எப்போதிலிருந்து வலிக்கிறது என்று கேட்பார். அக்காவும் அந்த அம்மாவும் எட்டு நிமிடம் பேசுவார்கள். பிறகு அக்கா டாக்டரிடம் திரும்பி, "இரண்டு வருடமாக" என்பார். இவ்வளவு நேரம் பேசினீர்களே என்று டாக்டர் கேட்டால், "மற்றதை நானே பேசி முடித்துவிட்டேன்" என்பார். அவருடைய கடை மொழியும் கூடவே வரும். "இவருக்கு வயிற்றில் வலது பக்கம் கடிக்கிறதாம். மாத்திரை ஒத்துவரவில்லை, திருப்பிக் கொடுக்க நினைக்கிறார். இரண்டுதான் உபயோகித்திருக்கிறார், மிச்சம் பெட்டியோடு அப்படியே இருக்கிறது." டாக்டர் இளைஞர், பொறுமைசாலி. இதற்குப் பழகிக்கொண்டார்.

பிறகுதான் இஸ்திரிக்காரம்மா விஷயம் வந்தது. இரண்டாவது மாடிக்காரர், நாள் முழுக்க நின்றுகொண்டே இஸ்திரி போடுபவர். கணுக்கால் வலிக்கிறது என்று போனார். தினமும் பத்து நிமிடம் மட்டும் மெதுவாக நடக்கச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். பத்து நிமிடமெல்லாம் ஒரு நடையா என்று அக்காவுக்குத் தோன்றியது. "தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொல்றார். வேகமா நடக்கணுமாம்" என்றார். இஸ்திரிக்காரம்மா சொல்பேச்சு கேட்பவர். எட்டாம் நாள் கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது.

மேலாளர் அம்மாள் பஸ் டிரைவரைக் கூப்பிட்டுச் சொன்னார். பஸ் டிரைவர் துவைக்கும் அறையில் அக்காவை உட்காரவைத்து, பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டு பேசினார்.

"அக்கா, அவர் பத்துன்னு சொன்னா பத்துதான்."

"பத்து நிமிஷத்துல என்ன ஆகும்? தெருமுனைக்கே போகாது."

"அதை டாக்டர்கிட்ட கேளுங்க. நீங்க டாக்டர் இல்லக்கா."

அக்கா எழுந்து மேலே போய்விட்டார். இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மாடிப்படி வெறிச்சென்று கிடந்தது. மூன்றாம் நாள் இஸ்திரிக்காரம்மாவே கட்டுப்போட்ட காலோடு மேலே ஏறிப்போய்க் கதவைத் தட்டினார். கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க சொன்னீங்களேன்னுதான் நடந்தேன். நாலு நாளைக்கு அப்புறம் வலி தாங்கல, இருந்தாலும் டாக்டர் சொல்லியிருக்காரேன்னு நடந்தேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் அக்கா பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். அன்று மதியமே மேலாளர் அம்மாளுக்குப் போன் செய்து, இந்த வேலையை எப்படிச் செய்வது என்று யாராவது எனக்குச் சொல்லித் தர வேண்டும் என்று கேட்டார்.

ஐந்து வாரம் பயிற்சி. நடத்தியவர் மெல்லிய குரல்காரி, நீதிமன்றத்தில் இருபது வருடம் மொழிபெயர்த்தவர். கூட்டாதே, குறைக்காதே என்றார். அறைக்குள் கேட்டதை அறைக்கு வெளியே கொண்டுபோகாதே என்றார். இதையெல்லாம் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றுக்கொண்டார். தகராறு வந்தது 'நான்' என்ற சொல்லில்தான். நோயாளி "எனக்குத் தலை சுற்றுகிறது" என்றால், "இவருக்குத் தலை சுற்றுகிறதாம்" என்று சொல்லக் கூடாது, "எனக்குத் தலை சுற்றுகிறது" என்றே சொல்ல வேண்டும்.

"அப்புறம் எனக்கே ஊசி போட்டுடுவாங்களே" என்றார் அக்கா.

"போட மாட்டார்கள்" என்றார் பயிற்சி தந்தவர், சிரிக்காமல். உனக்காகப் பேச வேண்டியது ஏதாவது இருந்தால் கையைத் தூக்கி, 'மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன்' என்று சொல்லிவிட்டுப் பேசு. நோயாளி உனக்கு உறவுக்காரராக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடு, அவர்கள் முடிவு செய்யட்டும். இவ்வளவுதான் விதி.

அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். பயிற்சி நடந்த ஐந்து வாரமும் அவர் வாயைத் திறந்தாலே, எதிரில் உட்கார்ந்து அக்கா அதை ஊர் மொழியில் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய இருபது வார்த்தை பன்னிரண்டாகக் குறைந்தது.

இனிமேல் நான் சொல்லப்போவது எதுவும் கொசுறு அக்கா சொன்னதல்ல. அவர் வாயைத் திறக்கவே இல்லை. அவருடைய நாத்தனார்தான் எங்கள் எல்லோரிடமும், சலூன்காரரிடம் இரண்டு முறையும், நடித்தே காட்டியிருக்கிறார்.

நாத்தனார், அக்கா கணவரின் தங்கை. மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி வீடு. பூக்கடையில் மாலையும் செண்டும் கட்டுகிற வேலை. அங்கே கேட்டுக் கேட்டு ஊர் மொழி அரைகுறையாகப் புரியும், பேச வராது. இருவருக்கும் நாலு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் ஒரு போன். ஒரு சனிக்கிழமை அக்காவின் கணவர், "ஞாயித்துக்கிழமை வர முடியாதுன்னு தங்கச்சிகிட்ட சொல்லிடு" என்றார். அக்கா போனை எடுத்து, "ஞாயித்துக்கிழமை வர முடியாதாம். நீ மட்டும் நாங்க கூப்பிடும்போதெல்லாம் வந்துடுறியான்னு கேக்குறார்" என்றார். மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. அன்றோடு சரி.

பயிற்சி முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை. டாக்டர் அறைக்குள் அக்கா நுழைந்தபோது, நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாத்தனார் உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அக்கா கையைத் தூக்கினார்.

"மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன். இவர் எனக்கு உறவு."

வேறு ஆள் வேண்டுமென்றால் மூன்று வாரம் ஆகும், என்ன செய்யலாம் என்று டாக்டர் கேட்டார். அதை அக்கா தமிழில் சொன்னார்.

"மூணு வாரம் என்னால தாங்க முடியாது" என்றார் நாத்தனார். "யாரா இருந்தா என்ன? நான் சொல்றதை மட்டும் சொன்னா போதும். அது அவங்களால முடியுமான்னு கேளுங்க."

இதையும் அக்காதான் ஊர் மொழியில் சொல்ல வேண்டியிருந்தது. டாக்டர் அவரைப் பார்த்து, "முடியுமா?" என்றார். "முடியும்" என்றார் அக்கா.

"உங்களுக்கு உடம்புக்கு என்ன பண்ணுது?" என்று அக்கா நாத்தனாரிடம் கேட்டார். சின்னவளை வாழ்நாளில் முதல்முறையாக 'உங்களுக்கு' என்று சொல்கிறார். நாத்தனாரின் புருவம் ஏறி இறங்கியது. எப்போதும் சோர்வு, உடம்பு கல்லு மாதிரி கனக்கிறது, தலை வாரினால் சீப்பு நிறைய முடி, காரணமே இல்லாமல் அழுகை வருகிறது என்று நாத்தனார் சொல்லச் சொல்ல, அக்கா ஒன்றைக்கூடக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். முடி கொட்டுவதற்கு அவரிடம் ஓர் எண்ணெய் வைத்தியம் இருந்தது. அதை விழுங்கிக்கொண்டார்.

மனதில் ஏதாவது பாரம் இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார்.

நாத்தனார் சுவரில் இருந்த கண் பரிசோதனை அட்டையைப் பார்த்தபடி, "இருக்கு" என்றார். "எங்க அண்ணன் பொண்டாட்டி. நாலு வருஷமா என்னை எட்டிக்கூடப் பாக்கல. இருக்கேனா செத்தேனான்னு ஒரு வார்த்தை கேக்கல."

முதல் மாதம் இரண்டு தடவை போன் பண்ணினது யார், அதை எடுக்காமல் இருந்தது யார் என்பதிலிருந்து தொடங்கி, பதினோரு பதில் நாக்கின் நுனியில் வரிசையில் நின்றிருக்கும். அவர் டாக்டரைப் பார்த்து, "என் அண்ணன் மனைவி. நான்கு வருடமாக என்னை வந்து பார்க்கவில்லை. நான் இருக்கிறேனா செத்தேனா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை" என்றார். தன் குரலில், தன் வாயால், 'என்னை' என்று.

"உடம்பு பூரா கொழுப்பு அவளுக்கு" என்றார் நாத்தனார்.

இந்த இடத்தில் அக்கா கொஞ்சம் தடுமாறிவிட்டார். "அவர் உடம்பு முழுவதும் கொழுப்பு" என்று அப்படியே சொல்லிவிட்டார். டாக்டர் அக்கறையாகக் குறித்துக்கொண்டார். "குடும்பத்தில் கொழுப்பு. உங்கள் பெற்றோருக்கும் இருந்ததா?"

அக்கா கையைத் தூக்கினார். "மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன். இங்கே கொழுப்பு என்றால் திமிர்."

"யாருக்குத் திமிர்?"

அக்கா ஒரு விநாடி கண்ணை மூடித் திறந்தார். "என் அண்ணன் மனைவிக்கு" என்றார்.

டாக்டர் எழுதியதை அடித்தார். அவர் இரத்த சம்பந்தம் இல்லாதவர், அதனால் குறிக்கத் தேவையில்லை என்றார். அக்கா நாத்தனார் பக்கம் திரும்பி, "அவங்க ரத்த சொந்தம் இல்லையாம். அதனால அவங்க கொழுப்பை எழுத வேண்டாமாம்" என்றார். நாத்தனார் கைப்பைக்குள் எதையோ தேடுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. தலையை நிமிர்த்தியபோது வேறு மாதிரிப் பேசினார்.

"ஆனா ஒண்ணு சொல்லணும். எனக்குக் குழந்தை பிறந்து ஜுரத்துல கிடந்தப்போ, மூணு நாள் பக்கத்துல நாற்காலி போட்டு உட்காந்து பாத்துக்கிட்டவளும் அவதான். அதனாலதான் எனக்கு இத்தனை கோபம். வேற யாராவதா இருந்தா எனக்கென்ன வந்தது?"

டாக்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன். கடைசியில் சொன்னதை இன்னொரு தடவை சொல்ல வேண்டும்."

நாத்தனார் இன்னொரு தடவை சொன்னார், கொஞ்சம் சத்தமாகவே. அக்கா அதை டாக்டரிடம் சொல்லி முடித்தார். எப்படிச் சொன்னார் என்பது நாத்தனாருக்குத் தெரியாது, அந்த அளவுக்கு மொழி புரியாதே. "ஆனா நான் சொன்ன நீளம்தான் இருந்தது. எண்ணிப் பாத்தேன்" என்பார் எங்களிடம்.

இரத்தம் எடுக்க எழுதிக் கொடுத்தார்கள். வேலை முடிந்து அக்கா பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது, முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு நாத்தனார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அக்கா மறு ஓரத்தில் உட்கார்ந்தார். ஒரு பஸ் வந்து போனது.

"சரி அண்ணி, இப்ப நீங்களாப் பேசுங்க" என்றார் நாத்தனார்.

அந்தப் பதினோரு பதிலில் ஒன்றும் கைக்கு வரவில்லை போலிருக்கிறது. "அன்னிக்கு உங்க அண்ணன் சொன்னது ஞாயித்துக்கிழமை வர முடியாதுங்கறது மட்டும்தான்" என்றார் அக்கா. "மிச்சமெல்லாம் நான் போட்டது."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும். எங்க அண்ணன் ஒரே நேரத்துல அத்தனை வார்த்தை பேசுவாரா?"

"தெரிஞ்சுமா நாலு வருஷம்?"

"நீங்களே சொல்லட்டும்னு இருந்தேன்."

நாத்தனாரின் பஸ் வந்தது. அவர் ஏறிப் போய்விட்டார். போய் வருகிறேன் என்று சொன்னாரா என்பதில் இருவருக்கும் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு.

அன்று சாயங்காலம் கணவர் வீட்டுக்கு வந்து கருவிப் பெட்டியை இறக்கி வைத்தார். "தங்கச்சி போன் பண்ணா. உன்னைப் பாத்தாளாமே. எங்க?"

"பாத்தா."

"என்ன பேசினீங்க?"

"அதை வெளிய சொல்லக் கூடாது."

அவர் பக்கத்தில் வந்து அக்காவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாராம்.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கவலையால் வந்த நோய் இல்லை, தைராய்டு குறைச்சல். தினமும் ஒரு மாத்திரை போட்டால் சரியாகிவிடும். நாலு வருடமாகத் தன் பேரில் விழுந்துகொண்டிருந்த பழியில் முக்கால்வாசி கழுத்துச் சுரப்பிக்குப் போய்விட்டதில் அக்காவுக்குச் சந்தோஷம்தான். அதையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை, நாத்தனார்தான் சொன்னார். அடுத்த முறைக்குச் சீட்டு எழுதும்போது, எந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்ற கட்டத்தில், "போன தடவை வந்தவங்களே" என்று தமிழில் எழுதி வைத்துவிட்டுப் போனாராம். அதைப் படித்துச் சொல்லவும் அக்காவைத்தான் கூப்பிட்டார்கள்.

ஆறு மாதம் முடிந்து, அக்காவின் வேலை இன்னும் ஒரு வருடத்துக்கு நீண்டது. எதிர்க் கட்டடத்தில் வேறு மொழி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு நாள் பஸ் டிரைவரைத் தேடி வந்து, நோட்டுப் புத்தகம் எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று சைகையில் கேட்டுவிட்டுப் போனார்கள். சலூன்காரரின் காதுக்குச் சொட்டு மருந்து கொடுத்துக் குணமாகிவிட்டது. கூடத்தில் புது அழைப்பு மணி மாட்டியிருக்கிறார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அக்கா வீட்டு மணி அடித்தது. திறந்தால் நாத்தனார். உள்ளே வந்து, நாலு வருடத்தில் மாறிப்போன திரைச்சீலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சமையலறை மேஜையில் உட்கார்ந்தார். அக்கா டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

"இப்ப வேண்டாம் அண்ணி. இப்பத்தான் மாத்திரை போட்டேன். அரை மணி நேரத்துக்கு ஒண்ணும் குடிக்கக் கூடாது. நீங்கதானே சொன்னீங்க."

"டாக்டர் சொன்னார்" என்றார் அக்கா. கோப்பையை எடுத்துப்போய் மூடி வைத்துவிட்டு, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி, அப்ப அரை மணி நேரம் இரு."